ஏழையின் பெயர் ஏட்டில் ஏறும் நாள்

ஓர் ஊரின் வரலாறு எங்கே உறைகிறது என்று கேட்டால் கோயிலின் கல்லில் என்பார் சிலர். முதியோரின் நாவில் என்பார் வேறு சிலர். இங்கிலாந்தில் இதே வினாவை எழுப்பினால், கவுண்டி ஆவணக் காப்பகத்திற்குச் சென்று பாருங்கள் என்ற விடை வரும். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. அதன் எல்லைக்குள் பிறந்த பழந்தாள்களையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி, ஈரமும் பூச்சியும் அணுகாமல் காத்து, நாடி வருவோர் புலவராயினும் பொதுமக்களாயினும் அமர்ந்து படிக்க இடம் தருவதே கவுண்டி ஆவணக் காப்பகத்தின் பணி. பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு உள்ளே செல்ல வேண்டும். கேட்ட கட்டினைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். அரசரின் ஆணையாயினும் ஆண்டியின் விண்ணப்பமாயினும் ஒரே மேசை, ஒரே மரியாதை.

இவ்வகைக் காப்பகங்களுள் முதலாவது 1913ஆம் ஆண்டில் பெட்போர்டுஷயர் கவுண்டியில் தோன்றியது. அதனைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஹெர்பர்ட் பௌலர் என்பவர் வரலாற்றாசிரியராகத் தம் வாழ்வைத் தொடங்கியவர் அல்லர், விலங்கியல் அறிஞர். கடல் நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களை ஆராய்ந்தவர். பெரிய மீன்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பிவிடும் சிற்றுயிர்களைத் தேடியவர், பிற்காலத்தில் பெரிய மனிதர்களையே பார்த்துப் பழகிய வரலாற்றின் கண்ணுக்குத் தப்பிய தாள்களைத் தேடப் புகுந்தது வியப்பன்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நாம் இங்கே எடுத்துக்கொள்ளப்போவது லண்டனுக்குக் கிழக்கே உள்ள எஸ்ஸெக்ஸ் கவுண்டியின் காப்பகம். செம்ஸ்போர்டு நகரில் 1938ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. எப். ஜி. எமிசன் என்பவர் அதன் முதல் ஆவணக் காப்பாளர். அங்குள்ள பெருஞ்செல்வங்களுள் ஒன்று இங்கட்ஸ்டோன் மாளிகையின் பீட்டர் குடும்பத்தார் ஒப்படைத்த ஆவணத் திரள். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சர் வில்லியம் பீட்டர் எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்டு, மேரி, எலிசபெத்து ஆகிய நான்கு மன்னர்களிடம் பணியாற்றியவர். நாட்டின் சமயம் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, மீண்டும் திரும்பியபோதும் அவர் தலையும் தப்பிற்று, பதவியும் நிலைத்தது. அவர் வீட்டுக் கணக்குகளைக் கொண்டே எமிசன் 1961இல் ஒரு முழு வரலாற்று நூல் எழுதினார். அக்குடும்பத்திற்காக ஜான் வாக்கர் என்ற தந்தையும் அதே பெயர் கொண்ட மகனும் வரைந்த நிலப்படங்களும் அங்கே உள்ளன. தோட்டம், வேலி, தெரு, வீடு, வீட்டின்மேல் புகைபோக்கி என ஒன்றுவிடாமல் வண்ணத்தில் தீட்டிய படங்கள் அவை. நானூறு ஆண்டுகளுக்கு முன் எந்தக் குடிசையில் எத்தனை புகைபோக்கி என்பதை இன்று விரல் வைத்துச் சொல்லலாம். ஆனால் அந்தப் புகைபோக்கியின் கீழ் அடுப்பூதியவள் பெயர் என்ன என்று கேட்டால் படம் வாய் திறவாது. நிலத்துக்கு உடையவர் எவரோ அவருக்காக வரையப்பட்ட படம் அது.

அவ்வாறானால் அடுப்பூதியவளைப் பற்றி ஒரு தாளும் இல்லையா? இருக்கிறது. அது பிறந்த விதந்தான் நம்மைத் திகைக்க வைக்கிறது.

இங்கிலாந்தில் ஒவ்வொரு தேவாலயத்திற்கும் உரிய ஊர்ப்பகுதியைத் தமிழ்க் கிறித்தவர் வழக்கில் பங்கு என்று சொல்லலாம். 1538ஆம் ஆண்டில் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணைப்படி, திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு பங்கும் ஏட்டில் எழுதிப் பெட்டகத்தில் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று. காலப்போக்கில் அந்தப் பெட்டகத்தில் வேறு தாள்களும் சேர்ந்தன. நூறாண்டு கடந்த பங்கு ஆவணங்களைத் தக்க பாதுகாப்பு இல்லாத கோயில்கள் தம்மிடம் வைத்திருத்தல் ஆகாது என்று 1978ஆம் ஆண்டில் திருச்சபை விதி செய்தது. அதன்பின் எஞ்சியிருந்த பெட்டகங்கள் பலவும் கவுண்டிக் காப்பகங்களை அடைந்தன. அவற்றைத் திறந்து பார்த்தால் ஏழைகள் கூட்டம் கூட்டமாக வெளிவருகிறார்கள். அவர்கள் தம் விருப்பத்தால் அங்கே வந்தவர்கள் அல்லர்.

1601ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளைத் தானே தாங்க வேண்டும் என்று விதித்தது. வீடும் நிலமும் உடையோரிடம் வரி தண்டி, ஊராருள் ஒருவரையே மேற்பார்வையாளராக அமர்த்தி, முதியோர், நோயாளர், ஆதரவற்ற குழந்தைகள் ஆகியோர்க்கு அதனை வழங்க வேண்டும். அந்நாளை நோக்க இது பெருந்தன்மையான ஏற்பாடே. ஆயினும் ‘தன் ஏழைகள்’ என்ற சொல்லில் ஒரு முள் இருந்தது. தன் ஏழை யார்? அடுத்த ஊர் ஏழை யார்? இந்த எல்லையை வரையறுக்க 1662இல் ஒரு சட்டம் வந்தது. புதிதாக ஊருக்குள் வந்து, ஆண்டுக்குப் பத்துப் பவுனுக்குக் குறைந்த வாடகையில் குடியிருப்பவர், நாளை ஊருக்குச் சுமையாகக் கூடும் என்று தோன்றினால், வந்த நாற்பது நாள்களுக்குள் முறையிட்டு இரு மாஜிஸ்திரேட்டுகளின் ஆணை பெற்று அவரை வெளியேற்றலாம். எந்த ஊருக்கு? அவருக்கு உரிமையுள்ள ஊருக்கு. இந்த உரிமையை நாம் ஊருரிமை என்று அழைக்கலாம்.

ஊருரிமை பெறும் வழிகள் சில இருந்தன. பயிற்சித் தொழிலாளியாக ஓர் ஊரில் இருந்திருக்க வேண்டும். அல்லது மணமாகாதவராய் ஓராண்டு முழுவதும் ஒரே பண்ணையில் ஊழியம் செய்திருக்க வேண்டும். அல்லது ஊர்வரி செலுத்தியிருக்க வேண்டும். சட்டம் ஓராண்டு என்றது. பண்ணைக்காரர் பலர் ஐம்பத்தோரு வாரத்திற்கு ஆள் அமர்த்தினார்கள். ஒரு வாரம் குறைந்தது, உரிமை போயிற்று. மனைவிக்குத் தனி ஊர் கிடையாது. கணவனின் ஊரே அவள் ஊர். கணவன் இறந்த பிறகு, அவள் தன் வாழ்நாளில் கண்ணாலும் கண்டிராத, அவன் தந்தைக்கு மட்டும் உரிமையிருந்த ஓர் ஊருக்குக் குழந்தைகளோடு அனுப்பப்பட்டதுண்டு. மணமாகாத தாயின் குழந்தைக்குப் பெரும்பாலும் பிறந்த இடமே ஊர் என்பதால், நிறைமாதப் பெண்ணை எல்லை கடத்திவிட ஊர்கள் துடித்தன. ஒரு குழந்தை வேலிக்கு இந்தப்புறம் பிறந்தால் இந்த ஊருக்குச் செலவு; அந்தப்புறம் பிறந்தால் அந்த ஊருக்கு. 1697ஆம் ஆண்டின் சட்டமோ உதவி பெறுவோர் தம் வலத்தோளில் ஏழை என்பதன் முதலெழுத்தையும் ஊர்ப்பெயரின் முதலெழுத்தையும் சிவப்பு அல்லது நீலத் துணியில் தைத்து அணிய வேண்டும் என்றது. அந்த விதி 1810ஆம் ஆண்டில்தான் நீங்கியது. சுமையாகக் கூடும் என்ற ஐயத்தின்பேரிலேயே வெளியேற்றும் வழக்கம் 1795இல் பெரும்பாலும் ஒழிந்து, உண்மையிலேயே உதவி கேட்ட பின்னரே வெளியேற்றலாம் என்றாயிற்று. மணமாகாத கருவுற்ற பெண்களுக்கு மட்டும் அந்தச் சலுகையும் இல்லை.

இச்சட்டங்களின் விளைவாகப் பிறந்த தாள்களே இன்று காப்பகத்தில் உள்ளவை. உதவி கேட்டவரை மாஜிஸ்திரேட்டுகளின் முன் நிறுத்தி, நீ எங்கே பிறந்தாய், எவரிடம் வேலை செய்தாய், எத்தனை மாதம், என்ன கூலி, எப்போது மணந்தாய், எத்தனை குழந்தைகள், அவர்களின் வயது என்ன என்று கேட்பார்கள். எழுத்தர் எழுதுவார். இறுதியில் பெயரெழுதத் தெரிந்தவர் பெயரும், தெரியாதவர் ஒரு சிலுவைக் குறியும் இடுவர். உழவுக் கூலி ஒருவனின் வாழ்க்கை முழுவதும் இத்தாள் ஒன்றில்தான் கோவையாகக் கிடைக்கிறது. தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் வாய்ப்பு அவனுக்கு ஒருமுறை கிடைத்தது. அதுவும் இந்த ஊரிலிருந்து உன்னை எங்கே தள்ளலாம் என்று அறிவதற்காகக் கேட்கப்பட்ட வாய்ப்பு.

இவ்விடத்தில் எழும் வினாவே இக்கட்டுரையின் பொருள். ஒரு மனிதன் கையேந்தி நின்ற நாளில் எழுதப்பட்ட தாள் ஒன்றே அவனைப் பற்றி எஞ்சியிருக்குமானால், அதனைப் படிப்பவர் அவனுக்குச் செய்ய வேண்டிய நீதி யாது?

வினா எளிதன்று என்பதைக் காட்ட எஸ்ஸெக்ஸ் காப்பகத்தின் மற்றொரு தொகுதியைச் சொல்ல வேண்டும். பிழைப்புத் தேடி லண்டனுக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்த எஸ்ஸெக்ஸ் ஏழைகள், இருக்கும் இடத்தில் ஊருரிமை இல்லாமையால், துன்பம் வந்தபோது சொந்தப் பங்கின் மேற்பார்வையாளருக்குக் கடிதம் எழுதினார்கள். வெளியூரில் இருப்பவருக்கும் சில ஊர்கள் பணம் அனுப்பிவந்தன. 1731 முதல் 1837 வரையான இத்தகைய கடிதங்கள் எழுநூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தாமஸ் சோக்கோல் என்ற வரலாற்றறிஞர் எழுத்துப் பிசகாமல் பெயர்த்து 2001இல் பதிப்பித்தார். எழுத்துக் கற்றவர் நடை அன்று அது. காதால் கேட்டபடியே எழுதிய சொற்கள். நிறுத்தக்குறி காணாத வாக்கியங்கள். சில கடிதங்கள் பிறர் கையால் எழுதப்பட்டவை. கணவனுக்கு நோய், வேலை நின்றது, வாடகை பாக்கி, குழந்தைக்குச் செருப்பில்லை, அடகு வைத்த துணியை மீட்க வேண்டும் என்று செய்திகள் நீள்கின்றன. அந்நாளில் தபால் கூலியைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்த வேண்டும். ஆகவே ஏழையின் முறையீட்டைப் படிப்பதற்கே மேற்பார்வையாளர் முதலில் தம் பையில் கைவிட வேண்டியிருந்தது. அது அவர் மனநிலையை இளக்கியிராது!

இக்கடிதங்கள் பேணப்பட்டது அன்பினால் அன்று, கணக்கினால். ஊர்ப்பணத்தைச் செலவிட்டதற்குச் சான்று வேண்டும். கடிதம் செலவுச் சீட்டோடு கட்டப்பட்டது. கட்டு பெட்டகத்தில் கிடந்தது. இருநூறாண்டுக்குப் பின் இலக்கியமாயிற்று.

இக்கடிதங்களில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வருவதை அவற்றை ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். இப்போது சில ஷில்லிங் அனுப்பாவிட்டால் நான் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட நேரும். அப்போது உங்களுக்கு ஆகும் செலவு பன்மடங்கு என்பதே அந்த வாதம். மன்றாட்டின் நடுவே ஒரு கணக்கு; பணிவின் நடுவே ஒரு மெல்லிய மிரட்டல். இதைக் கண்டவுடன் படிப்பவர் உள்ளத்தில் ஓர் ஐயம் தலைதூக்குகிறது. இவர் சொன்ன நோய் மெய்தானா? அந்தக் குழந்தை செருப்பின்றி இருந்ததா? இந்த ஐயம் எழும் கணத்தில் நாம் எங்கே அமர்ந்திருக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்பார்வையாளரின் நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம். அவர் கேட்ட அதே வினாவை, அவர் வைத்திருந்த அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நாமும் கேட்கிறோம். தாள் அவருக்காக எழுதப்பட்டது. ஆகவே அதைப் படிப்பவரையெல்லாம் அது அவராகவே ஆக்கிவிடப் பார்க்கிறது.

வரலாற்றாசிரியன் ஐயுறக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. சான்றை ஆராயாமல் ஏற்பது அன்பும் ஆகாது, அறிவும் ஆகாது. ஆனால் ஐயம் எல்லார்மேலும் ஒரே அளவாய் விழுகிறதா? சர் வில்லியம் பீட்டர் நான்கு மன்னர்களின் காலத்திலும் பதவியில் நிலைத்தார். ஒருவர் மடங்களை இடித்தபோதும், மற்றொருவர் பழைய சமயத்தை மீட்டபோதும், அவரவர்க்கு ஏற்பச் சொல்லறிந்து சொன்னார், எழுத்தறிந்து எழுதினார். அதனை அரசியல் மதிநுட்பம் என்று பாராட்டுகிறோம். துணி வெளுத்துப் பிழைத்த ஒரு பெண் நான்கு ஷில்லிங் பெறுவதற்காகச் சொல்லறிந்து எழுதினால் தந்திரம் என்கிறோம். இரு தாள்களும் ஒரே காப்பகத்தில், ஒரே வகை அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. வேறுபாடு தாளில் இல்லை. தன் நிலைக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்து பேசுவது மனிதருக்கெல்லாம் பொது. மிகக் குறைந்த துணையோடு, மிகக் குறைந்த எழுத்தறிவோடு, தன்னிடம் இருந்த ஒரே படைக்கலத்தை அவள் கையாண்டாள். அதுவும் அவளுடைய அறிவே.

இனி, ஒரு வலிய மறுப்பு உண்டு. இத்தாள்களை நாம் படிக்கலாமா என்பதே அது. உயிரோடு இருப்பவரின் செய்திகளைக் காக்கச் சட்டம் இருக்கிறது. மருத்துவமனை ஏடுகள் பல நூறாண்டு வரை மூடி வைக்கப்படுகின்றன. மக்கள்தொகைக் கணக்கின் வீட்டுத் தாள்களும் அவ்வாறே. 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. நூறாண்டு கடந்தால் மானம் மறைந்துவிடுமா? தன் வறுமையைப் பிள்ளைகளுக்கும் மறைத்து வாழ்ந்த ஒருவன், அதனை எவரெவரோ படித்து ஆய்வுரை எழுத ஒப்பியிருப்பானா? மணமாகாத பெண்கள் பிள்ளை பெறும் வேதனையில் துடிக்கும்போது, தந்தை பெயரைச் சொல் என்று மருத்துவச்சியைக் கொண்டு கேட்கவைத்த வழக்கமும் இருந்தது. வேதனையால் வாங்கப்பட்ட அந்தச் சொல்லைப் படிக்கையில் கண் கூசத்தான் செய்கிறது, கூச வேண்டும்.

ஆயினும் பெட்டியை மூடிவிடுவது விடையாகாது என்பதே என் கருத்து. அவர்களின் மானத்தைக் குலைத்தது நம் படிப்பு அன்று. அக்கடிதங்கள் அன்றே ஊர்க்கூட்டத்தில், அண்டை வீட்டார் காதில் விழப் படிக்கப்பட்டவை. அறிந்த முகங்களின் நடுவே நேர்ந்த இழிவை, அறியாத நாம் கண்ணை மூடிக்கொண்டு துடைத்துவிட முடியாது. மேலும், ஏழையின் பெட்டியை மட்டும் மரியாதை கருதி மூடினால் பீட்டரின் பெட்டி திறந்தே இருக்கும். அப்போது ஊரின் வரலாறு மீண்டும் புகைபோக்கிகளின் படமாகவே முடியும். படிக்கக் கூடாது என்பதன்று. அந்த ஒரு நாளை முழு வாழ்நாளாகக் கொண்டு படிக்கக் கூடாது. அறுபது ஆண்டு வாழ்ந்தவன் ஐம்பத்தொன்பது ஆண்டு தன் கைவலியால் உண்டான். ஓராண்டு உதவி கேட்டான். ஐம்பத்தொன்பது ஆண்டுக்கு ஏடு இல்லை, ஓராண்டுக்கு இருக்கிறது. அதனால் ஏட்டில் அவன் பெயருக்கு முன் ‘இரவலன்’ என்ற அடை நிலையாக ஒட்டிக்கொள்கிறது. இந்த அடையை நம் நூல்களிலும் அப்படியே பெயர்த்தெழுதும்போது, தோளில் தைத்த துணியெழுத்தை நாமும் ஒருமுறை தைக்கிறோம்.

எல்லாத் தாள்களையும் ஒன்று திரட்டினால் இக்குறை நீங்குமா என்று முயன்று பார்த்தவர்களும் உண்டு. ஷில்லாங்கில் பிறந்த மானிடவியலறிஞர் ஆலன் மாக்பர்லேன் தம் குழுவினரோடு எஸ்ஸெக்ஸில் ஏர்ல்ஸ் கோன் என்ற ஒரே ஊரை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளின் ஆவணங்களைப் பெயர்த்தெழுதி, பெயருக்குப் பெயர் இணைத்துக் காண முற்பட்டார். அவ்வூருக்கு வாய்த்த பேறு பெரிது. 1641 முதல் 1683 வரை அங்கே குருவாக இருந்த ரால்ப் ஜோசலின் ஒரு நாட்குறிப்பு எழுதி வைத்தார். காதுவலி, மழை, மகளின் மரணம், கடவுளின் கோபம் என்று அனைத்தும் அதிலே உள்ளன. ஒருவர் மனத்திற்குள் புகுந்து பார்க்க முடிகிறது. ஆனால் அவர் ஒருவர். அவருடைய நிலத்தில் உழைத்தோர் பலர். அவர்களுக்குத் திருமுழுக்கு ஒரு வரி, திருமணம் ஒரு வரி, அடக்கம் ஒரு வரி. நடுவிலே வழக்கு ஒன்று இருந்தால் நற்பேறு. அவ்வளவு உழைத்துத் திரட்டியும் இப்படியென்றால், ஒரு தாளைக் கொண்டு ஒரு மனிதனை முடிவு கட்டுவது எத்துணைத் துணிச்சல்!

தாள் சொல்வது குறைவு என்பது மட்டும் அன்று. சொல்லும்போதே அது மறைக்கிறது என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு சான்று தரலாம். அது எஸ்ஸெக்ஸைச் சேர்ந்ததன்று. அருகிலுள்ள லண்டன் நகரின் பங்கு ஏடு. 1616ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் புனித டயோனிஸ் கோயிலில் வங்காள விரிகுடாப் பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர் திருமுழுக்குப் பெற்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் குருவாக இருந்த பாட்ரிக் கோப்லண்டு அழைத்து வந்தவர். பெயரைத் தேர்ந்தவர் முதலாம் ஜேம்ஸ் மன்னர்: பீட்டர். அந்தப் பெயரே வரலாற்றில் நிலைத்தது. தாய் அவரை எப்படி அழைத்தாள் என்பதை ஏடு எழுதவில்லை. மன்னர் கொடுத்த பெயருக்கு இடமிருந்த ஏட்டில் தாய் வைத்த பெயருக்கு இடமில்லை.

இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களை எந்தக் காப்பகத்திலும் காண முடியாது. பட்டினி கிடந்தும் கேட்காதவர்கள். அண்டை வீட்டார் அளித்த கஞ்சியால் பிழைத்தமையால் கேட்க வேண்டாதவர்கள். கேட்டால் ஊரைவிட்டுத் துரத்துவார்களே என்று அஞ்சி வாய்மூடியவர்கள். அண்டை வீட்டார் அளித்த கஞ்சிக்குச் செலவுச் சீட்டு இல்லை. ஆகவே அந்த அறத்திற்கும் ஆவணம் இல்லை. இத்தாள்களை மட்டும் படிப்பவர், அந்நாளைய ஊர்கள் ஒருவரையொருவர் விரட்டுவதிலேயே காலம் கழித்தன என்று எண்ணிவிடலாம். அதுவும் ஊருக்கு இழைக்கும் அநீதியே. மேற்பார்வையாளரும் அரக்கர் அல்லர். பெரும்பாலும் ஊதியமின்றி ஓராண்டுக்கு அந்தப் பொறுப்பில் மாட்டிக்கொண்ட குடியானவர் அல்லது கடைக்காரர். அவர் தண்டிய வரியைச் செலுத்தியவர்களுள் அடுத்த ஆண்டு தாமே கையேந்தும் நிலையில் இருந்தவர்களும் உண்டு. கணக்கேடுகளில் முதியவளுக்கு விறகு, சிறுவனுக்குச் சட்டை, இறந்தவனுக்குச் சவப்பெட்டி என்று வரும் வரிகளும் இருக்கின்றன. வெளியேற்ற ஆணையை எழுதிய அதே ஊர்தான் அவற்றையும் எழுதிற்று.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு இந்தப் பழைய வழக்கு அத்துணை அயலானதன்று. ‘சொந்த ஊர் எது?’ என்ற வினாவை நாம் அன்பின் வினாவாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். பத்து நிமிடம் பேசுவதற்கு அது வாயில். ஆனால் துன்பக் காலத்தில் அதே வினா வேறு முகம் கொள்ளும். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பெருநகரங்களிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட தொழிலாளர் பலருக்குக் குடும்ப அட்டை சொந்த ஊரில் இருந்தது. வயிறு வந்த ஊரில் இருந்தது. 1662ஆம் ஆண்டின் சட்டத்தை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதன் நிழலில்தான் நடந்தார்கள். அட்டையை எந்த மாநிலத்திலும் பயன்படுத்தும் ஏற்பாடு 2019இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2022இல் நாடு முழுதும் எட்டியது. இங்கிலாந்தில் பழைய ஏழையர் சட்டம் முற்றாக நீங்கியது 1948ஆம் ஆண்டில். இடையே 1834ஆம் ஆண்டின் சட்டம் ஊர்களை இணைத்துப் பெரும் உழைப்பு விடுதிகளைக் கட்டியது. அவற்றின் கதை தனியே எழுதத் தக்கது. யார் முந்தினார், யார் பிந்தினார் என்று கணக்குப் பார்க்க இதைச் சொல்லவில்லை. விழுந்தவனைத் தூக்குமுன் நீ எந்த ஊர் என்று கேட்பது எந்த ஒரு நாட்டுக்கும் தனி உரிமை அன்று என்பதற்காகவே சொன்னேன். அந்த நடைப்பயணத்தின் தாள்களும் எங்கோ ஓர் அலுவலகத்தில் கட்டுகளாய்க் கிடக்கலாம். அவற்றில் அம்மக்கள் எந்தச் சொல்லால் குறிக்கப்பட்டிருக்கிறார்களோ, அந்தச் சொல்லே அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் செய்தியாக இருக்கக்கூடும்.

ஆவணக் காப்பாளர்கள் இவ்வினாவிற்குத் தத்துவத்தால் விடை சொல்வதில்லை, பட்டியலால் சொல்கிறார்கள். பட்டியல் என்றால் எளிதாக எண்ணிவிட வேண்டா. காப்பகத்தில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைத் தீர்ப்பது அதுவே. பட்டியலில் ஏறாத தாள் அலமாரியில் இருந்தும் இல்லாததே. முற்காலப் பட்டியல்களில் ஒரு பெருங்குடும்பத்தின் நிலப்பத்திரம் ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருக்கும்: நாள், விற்றவர், வாங்கியவர், நிலத்தின் பரப்பு. ஏழைகளின் பகுதிக்கு வரும்போது ‘வெளியேற்ற ஆணைகள், ஒரு கட்டு’ என்று முடிந்துவிடும். கட்டுக்குள் எத்தனை குடும்பங்கள் என்பதை அவிழ்த்துப் பார்த்தவரே அறிவார். அண்மைப் பத்தாண்டுகளில் பல கவுண்டிக் காப்பகங்களில் அந்தக் கட்டுகளை அவிழ்த்து, தாள் தாளாகப் பெயர் எழுதும் பணி நடந்து வருகிறது. செய்பவர்களில் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர். தம் முன்னோரைத் தேடி வந்து, பிறர் முன்னோரையும் எழுதத் தொடங்கியவர்கள். பணி மெல்லத்தான் நகரும். இருநூறாண்டுப் பழமையான மடிப்பைப் பிரிக்க வேண்டும். மங்கிய கையெழுத்தைக் கூட்டிப் படிக்க வேண்டும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரை அப்படியே எழுதுவதா, திருத்தி எழுதுவதா என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு பட்டியலில் ஒவ்வொருவராக ஏறுகிறார்கள். கணவன் பெயர், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு. அதன் கீழே மனைவி. அதன் கீழே குழந்தைகள், வயதோடு. இன்னும் பெயரிடப்படாத கைக்குழந்தை இருந்தால் அதற்கும் ஒரு வரி.